தூங்கும் குழந்தைக்கு பிளாக் பிடித்ததா? தெர்மல் கேமராவில் பார்க்கும் முறை

நரம்பு பிளாக் (நரம்பைச் சுற்றி மருந்து போட்டு அந்தப் பகுதியை மரத்துப்போகச் செய்வது) பிடித்ததா என்று பார்க்க, பெரியவர்களிடம் ஐஸை வைத்து "சில்லென்று இருக்கிறதா?" என்று கேட்டுவிடலாம். கொய்யா மரத்திலிருந்து விழுந்து முன்கை எலும்பை உடைத்துக்கொண்டு வரும் ஆறு வயதுப் பையனுக்கு முழு மயக்கம் கொடுத்த பிறகுதான் அக்குளில் நரம்பு பிளாக் போடுகிறோம். அவனிடம் என்ன கேட்பது? அதனால்தான் தோலின் சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமராவைக் கையில் எடுத்தேன்.

பிளாக் பிடித்தால், ரத்தக் குழாய்களை இறுக்கி வைத்திருக்கும் சிம்பதெடிக் நரம்பு இழைகளும் ஓய்ந்துவிடும். குழாய் விரியும், விரல் நுனி சூடேறும்.

முதல் படத்தை மயக்கம் கொடுத்த பிறகு, ஊசி போடுவதற்கு முன் எடுங்கள். மயக்க வாயுவான செவோஃப்ளூரேனே குழாய்களை விரித்துவிடும் என்பதால், வார்டில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். விரல் ஏற்கெனவே 35, 36 டிகிரியில் இருந்தால் அதற்கு மேல் ஏற இடமே இல்லை. அன்றைக்குக் கேமராவைப் பையில் வைத்துவிடலாம்.

இரண்டு கைகளும் ஒரே படத்தில் வரட்டும். சூடான காற்று ஊதும் வார்மரைக் கைப்பக்கம் விடாதீர்கள். டிரிப், பிரஷர் கஃப் இரண்டையும் காலுக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிட வேண்டிய கை கெட்டுப்போகும். ஸ்பிரிட் தடவிய தோல் காயும்போது குளிர்ந்துவிடும். ஆகவே கையைச் சுத்தம் செய்வதற்கும் ரத்த ஓட்டத்தை நிறுத்தும் டூர்னிகே பட்டையை ஏற்றுவதற்கும் முன்பே படம் எடுத்து முடியுங்கள்.

கேமராவில் எமிசிவிட்டியை (தோல் எவ்வளவு வெப்பக் கதிரை வெளிவிடும் என்ற அளவை) 0.98-இல் வையுங்கள். வானவில் நிறப் படம் வாட்ஸ்அப்பில் அனுப்ப அழகாக இருக்கும், ஆனால் நிற அளவைக் கேமராவே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ஸ்கேலில் ஒவ்வொரு படத்திலும் நிறத்தின் அர்த்தம் மாறும். எண்ணைப் படியுங்கள். போனில் செருகும் கேமராக்கள் 3 டிகிரி வரைகூடப் பிசகலாம் என்பதால், இரண்டு கைகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம்.

ஊசி போட்ட 10 நிமிடத்தில் ஒன்று, 20 நிமிடத்தில் ஒன்று எடுத்தால் போதும். சுண்டு விரல் அல்னர் நரம்புக்கு, ஆள்காட்டி விரல் மீடியனுக்கு. மறு கையை விட ஒரு டிகிரிக்கு மேல் கூடுதலாக ஏறியிருந்தால் எனக்கு நிம்மதி. சரி, அதோடு முடிந்ததா? இல்லை. அக்குள் பிளாக்கில் அடிக்கடி தப்பிவிடும் மஸ்குலோக்யூட்டேனியஸ் நரம்பு விரலுக்குப் போவதே இல்லை. அது முன்கையின் வெளிப்புறத் தோலுக்குப் போகிறது, அங்கே சூடு தெளிவாகத் தெரியாது. அந்த நரம்பை அல்ட்ராசவுண்டில் தனியாகப் பார்த்து மருந்து போட்டோமா என்பதுதான் கேள்வி.

கத்தி வைக்கும்போது மானிட்டரைப் பாருங்கள். நாடித்துடிப்பு சட்டென்று ஏறினால், விரல் எவ்வளவு சூடாக இருந்தாலும் வலி தெரிகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விரல் சூடேறவில்லை என்பதற்காக மட்டும் மறுபடி ஊசி போட வேண்டாம். பிளாக்குக்குப் போடும் மரப்பு மருந்தான புபிவகெய்ன் உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, முதலில் போட்டதும் அந்தக் கணக்கில் சேரும். வலி மருந்துகளான ஃபென்டனில், பாரசிட்டமால் தயாராக இருக்கட்டும்.