அமெரிக்காவில் ஏஜென்ட் இல்லாமல் வீடு விற்பது எப்படி?

5 லட்சம் டாலர் வீட்டை 6 சதவீதக் கமிஷனில் விற்றால் 30,000 டாலர் போய்விடும். உங்கள் ஏஜென்டுக்குப் பாதி, வாங்குபவரின் ஏஜென்டுக்குப் பாதி என்பது ரொம்ப நாள் வழக்கம். அது வெறும் வழக்கம்தான், எந்தச் சட்டத்திலும் இல்லை. 2024 ஆகஸ்ட் 17 முதல், வாங்குபவரின் ஏஜென்டுக்கு இவ்வளவு தருகிறேன் என்று எம்.எல்.எஸ்.ஸில் (புரோக்கர்கள் விற்பனை வீடுகளைப் பதிவு செய்யும் பொதுப் பட்டியல்) போடவும் முடியாது, தர விரும்பினால் வெளியே பேசிக்கொள்ளலாம். ஆகவே ஏஜென்ட் செய்யும் வேலைகளில் எது உங்களுக்கு வராதோ, அதற்கு மட்டும் காசு கொடுங்கள்.

என்னைக் கேட்டால், கொஞ்சம் நேரம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு ஃபிளாட் ஃபீ லிஸ்டிங்தான் சரி, அதாவது சதவீதம் இல்லாமல் ஒரே தொகை கொடுத்து வீட்டைப் பட்டியலில் ஏற்றுவது. எம்.எல்.எஸ்.ஸில் உறுப்பினரான புரோக்கர்தான் வீட்டை ஏற்ற முடியும், நீங்கள் நேரடியாக முடியாது. சில நூறு டாலர் வாங்கிக்கொண்டு அதை மட்டும் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். அங்கே ஏறிவிட்டால் ஸில்லோ, ரெட்ஃபின் என்று வீடு தேடும் இணையதளங்களிலும் தானாகத் தெரியும். மற்றதெல்லாம் உங்கள் தலையில்: போட்டோ எடுப்பது, வீடு காட்டுவது, சாப்பிடும் நேரத்தில் வரும் போன்களுக்குப் பதில் சொல்வது. கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைப் படியுங்கள், க்ளோசிங்கில் (பணம் கைமாறி விற்பனை முடியும் நாள்) இன்னும் அரை சதவீதம் என்று ஒரு வரி ஒளிந்திருக்கலாம். போட்டோவுக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், அதற்கென்று இருக்கும் ஆளையே கூப்பிடுங்கள்.

விலை வைப்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். இணையதளம் காட்டும் மதிப்பீட்டை அப்படியே நம்பாதீர்கள், போன வருஷம் நீங்கள் மாற்றிய கூரை அதற்குத் தெரியாது. கடந்த ஆறு மாதத்தில் அக்கம்பக்கத்தில் எந்த வீடு என்ன விலைக்கு முடிந்தது என்று பாருங்கள், கேட்ட விலையை அல்ல. சந்தேகம் இருந்தால் வீட்டை மதிப்பிடும் அப்ரைசர் ஒருவரை வரவழைத்துவிடுங்கள்.

அவசரமாக ஊர் மாறுகிறவர்களுக்கு ஓப்பன்டோர் போல நேரடியாக வாங்கும் கம்பெனிகள் உண்டு. வீடு காட்டும் தொல்லை இல்லை, தேதியையும் நீங்களே சொல்லலாம். ஆனால் முதலில் சொல்லும் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். சேவைக் கட்டணம் போக, வீட்டைப் பார்த்துவிட்டு ரிப்பேருக்கென்று கழிப்பார்கள், கடைசியில் கைக்கு வருவதுதான் கணக்கு. விலையைக் கணிப்பது அவர்களுக்கே சுலபமில்லை, ஸில்லோ இந்தத் தொழிலை 2021 நவம்பரில் கைவிட்டது.

இரண்டும் வேண்டாம் என்றால், 1 அல்லது 1.5 சதவீதத்துக்கு வேலை செய்யும் ஏஜென்ட் இருக்கிறார். சுமாரான தெருவில் சுமாரான வீடு என்றால் அது போதும்.

அப்புறம் பேப்பர். 1978க்கு முன் கட்டிய வீடு என்றால் ஈயப் பெயின்ட் பற்றித் தெரிந்ததைச் சொல்லியே ஆக வேண்டும், அது ஃபெடரல் சட்டம். வீட்டைப் பற்றி வாங்குபவரிடம் எழுதித் தர வேண்டிய மற்ற விவரங்கள் (டிஸ்க்ளோஷர்) மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒப்பந்தத்தைப் பார்க்க ஒரு ரியல் எஸ்டேட் வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள், கமிஷனோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை. விளம்பரத்தில் "தமிழ்க் குடும்பத்துக்கு ஏற்ற வீடு" என்று ஆசையாக எழுதிவிடாதீர்கள். 1968 ஃபேர் ஹவுசிங் சட்டப்படி இனம், மதம், பூர்வீக நாடு பார்த்து விளம்பரம் செய்வது தப்பு. பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று எழுதுங்கள், போதும்.

வருகிறவரிடம் வீட்டைக் காட்டும் முன்பே இவருக்கு இவ்வளவு கடன் கிடைக்கும் என்று பேங்க் தரும் ப்ரீ அப்ரூவல் கடிதத்தைக் கேளுங்கள். அட்வான்ஸ் பணம் உங்கள் கணக்குக்கு வரக்கூடாது, வீட்டின் உரிமைப் பத்திரத்தைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனியின் எஸ்க்ரோவில், அதாவது விற்பனை முடியும்வரை பணத்தைப் பொதுவாக வைத்திருக்கும் கணக்கில், இருக்கட்டும். க்ளோசிங் சமயத்தில், பணம் அனுப்பும் கணக்கு மாறிவிட்டது என்று ஈமெயில் வந்தால் அதில் இருக்கும் எண்ணைக் கூப்பிடாமல், முதல் நாளே எழுதி வைத்த எண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.