கொப்பரையைச் சூரியக் கூடாரத்தில் காயவைப்பது எப்படி?

1000 தேங்காயில் 150 கிலோ கொப்பரை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குத் தேங்காய்ப் பருப்பிலிருந்து 130 லிட்டருக்கு மேல் நீர் வெளியேற வேண்டும். ஒரு லிட்டரை ஆவியாக்கக் குறைந்தது 0.67 யூனிட் வெப்பம் தேவை; ஆக, துளி வெப்பம்கூட வீணாகாவிட்டாலும் 88 யூனிட். மின்சார ஹீட்டரில் இது கட்டுப்படியாகாது. புகைச்சூளையில் தொட்டி (சிரட்டை) எரிகிறது, பருப்பும் கறுக்கிறது. திறந்த களத்தில் 6 முதல் 8 நாள் ஆவதோடு தூசியும் மழையும் சேர்ந்துகொள்கின்றன. கூடாரத்தில் நல்ல வெயில் இருந்தால் பெரும்பாலும் அதில் பாதி நாள்களிலேயே வேலை முடியும். தொட்டியைக் கரி வியாபாரிக்கு விற்கலாம்.

4 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளத்தில் ஜி.ஐ. குழாய்களை அரைவட்டமாக வளைத்து, 200 மைக்ரான் தடிமனுள்ள புற ஊதா தாங்கும் பாலித்தீன் தாளைப் போர்த்துங்கள். தரை கான்கிரீட், மேலே கறுப்புப் பூச்சு. ஒரு முனையில் தரையை ஒட்டிக் காற்று நுழையும் திறப்புகள் (வலை அவசியம்), எதிர்முனையில் உயரத்தில் வெளியேற்றும் விசிறி. விசிறியைச் சிறு சோலார் பலகையில் நேரடியாக இணைத்தால் வெயில் ஏற ஏற அதுவும் வேகமெடுக்கும், பேட்டரி தேவையில்லை. காலை 9 முதல் மாலை 4 வரை தென்னை நிழல் விழாத இடமாகப் பாருங்கள்.

நன்கு முற்றிய காயை மட்டும் உடையுங்கள். இளங்காய்ப் பருப்பு எவ்வளவு காய்ந்தாலும் ரப்பர் போலச் சுருங்கும். காலையிலேயே உடைத்து, நீரை முழுக்க வடித்து, சில மணி நேரத்துக்குள் மூடிகளை வாய் மேலாக ஒரே அடுக்கில் பரப்பிவிட வேண்டும். மாலையில் உடைத்துக் குவித்து வைத்தால் இரவுக்குள் பருப்பு வழவழக்கும். அதன்பின் எந்த உலர்த்தியும் அதைக் காப்பாற்றாது.

எரிசக்தி சிக்கனம் முழுக்கக் காற்றுத் திறப்பில்தான் இருக்கிறது. பலரும் உள்ளே எவ்வளவு சூடு என்று மட்டும் பார்க்கிறார்கள். வெளியேறும் காற்றையும் பாருங்கள்: விசிறி வாயில் ஒரு ஈரப்பதமானியைத் தொங்கவிடுங்கள். முதல் நாள் அங்கே 60 சதவீதத்தைத் தாண்டினால் காற்று போதவில்லை, திறப்புகளை முழுதாகத் திறக்க வேண்டும். பின்னாள்களில் 25 சதவீதத்துக்குக் கீழே போனால் சூடான காற்று வேலை செய்யாமலே வெளியே போகிறது, திறப்பைப் பாதியாக்குங்கள். பருப்பருகே 60 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். ஈரமான பருப்பில் அதிகச் சூடு பட்டால் மேல்தோல் இறுகி, உள்ளீரம் அகப்பட்டுக்கொள்ளும். வெளியே காய்ந்ததுபோலத் தெரியும், மூட்டையில் பூசணம் பிடிக்கும்.

இரவில் திறப்புகளை மூடினால்தான் பனியீரம் ஏறாது. முதல் இரவு மட்டும் விதிவிலக்கு: முழுதாக மூடினால் தாளின் உட்புறம் நீர் கோத்துப் பருப்பின்மேல் சொட்டும், மேல்திறப்பைச் சற்றுத் திறந்தே விடுங்கள்.

பருப்பு சுருங்கித் தொட்டியை விட்டு விலகியதும் (பெரும்பாலும் இரண்டாம் நாள்) நெம்பி எடுத்துவிடுங்கள். தொட்டியோடு காயவிட்டால் பருப்பின் ஒரு பக்கம் அடைபட்டே கிடக்கும். எடுத்த பருப்பை தினமும் ஒரு முறை கிளறினால் போதும். மேகமூட்டமான நாளுக்குத் தொட்டி எரிக்கும் அடுப்பு வைக்கலாம்; புகை குழாய்க்குள்ளேயே ஓடி வெளியேற வேண்டும், சூடு மட்டும் உள்ளே வர வேண்டும்.

கந்தகப் புகை போடாதீர்கள். அது நிறத்தை வெளுப்பாக்குமே தவிர ஈரத்தை எடுக்காது. எச்சம் பருப்பில் தங்கும்.

காய்ந்ததா என்று எடைபோட்டே தெரிந்துகொள்ளலாம். முதல் நாளே சில மூடிகளின் பருப்பை நெம்பி, 1000 கிராம் அளவுக்குத் தனித் தட்டில் வைத்து, தினமும் மாலை எடை பாருங்கள். தொடக்க ஈரம் 50 சதவீதமானால், 532 கிராமுக்கு இறங்கும்போது ஈரம் 6 சதவீதம். அரவைக் கொப்பரைக்கான அரசு கொள்முதல் தரமும் 6 சதவீதத்துக்குள்தான். ஒடித்தால் சடக்கென உடைய வேண்டும். வளைந்தால் இன்னொரு நாள் வெயில் வேண்டும்.

சூடு ஆறிய பிறகே மூட்டை கட்டுங்கள். சூடாகக் கட்டினால் உள்ளே வியர்த்து, பூசணமும் வண்டும் சேரும். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். கூடாரத் தாளின் தூசியை வாரம் ஒருமுறை கழுவாவிட்டால் வெயில் உள்ளே இறங்காது.