பிரிண்ட் ஓரத்தில் கறுப்புத் தீற்றல்: நான் சரிசெய்த விதம்

மயிலாப்பூர் வீட்டில் 17 அங்குல அகலத் தாள் வரை ஏற்கும் போட்டோ பிரிண்டர் இருக்கிறது. ஐப்பசி மழை பிடித்ததும் ஏ2 அளவுப் பெரிய பிரிண்டுகளில் மட்டும் ஒரு தொல்லை, ஓரங்களில் விரலால் தேய்த்ததுபோல் கறுப்புத் தீற்றல். ஹெட் கிளீனிங் (மை தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்வது) போடு என்றார்கள் சிலர். ஆனால் மைத் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் நாசில் செக் அச்சில் ஒரு கோடுகூட விடுபடவில்லை, அப்புறம் எதற்குக் கிளீனிங், விலை கூடிய மையை வேஸ்ட் டேங்கில் கொட்டவா?

தாளை மேசையில் வைத்துக் கண் மட்டத்தில் பார்த்தேன். மூலைகள் எழும்பி நின்றன. ஈரக்காற்றில் பூச்சுள்ள பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவில் விரிவதில்லை, அதனால் தாள் சுருள்கிறது, ஹெட் அதில் உரசிக்கொண்டே போகிறது.

தாள்களை உறைக்குள்ளேயே சிலிக்கா ஜெல் பையோடு ஒட்டி மூடி, கனமான பலகைக்கு அடியில் தட்டையாக வைத்தேன். அச்சிடும் முன் மூலைகளை எதிர்ப்பக்கமாக, பூச்சு விரிசல் விடாதபடி மெல்ல வளைத்துவிட்டேன். செட்டிங்கில் பிளாட்டன் கேப்பை, அதாவது ஹெட்டுக்கும் தாளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை, 'வைட்' ஆக்கினேன். கூர்மை கொஞ்சம் குறையலாம், சுவரில் மாட்டும் படத்தில் எனக்குத் தெரியவில்லை. உள்ளே ரோலரில் ஒட்டிய மை போக, சாதாரண வெள்ளைத் தாளைச் சும்மா ஓட்டி எடுங்கள், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இப்போது ஓரம் வெள்ளையாக வருகிறது.