திசுக்களையும் செல்களையும் வேதிக் கரைசலில் நிலைநிறுத்தும் முறை

உடலிலிருந்து பிரித்த உடனேயே திசு தன் சொந்த நொதிகளால் சிதையத் தொடங்கிவிடுவதால், அந்தச் சிதைவை நிறுத்தி அமைப்பைக் காக்கும் நிலைநிறுத்தும் கரைசலைத் தயாராக வைத்துக்கொண்ட பிறகே கத்தியைக் கையில் எடுக்க வேண்டும்.

வழக்கமான நுண்ணோக்கி ஆய்வுக்கு 10% நடுநிலைத் தாங்கல் ஃபார்மலின் (அமில-காரத் தன்மை மாறாமல் காக்கும் உப்புகள் சேர்த்த ஃபார்மலின்) ஏற்றது. ஃபார்மலின் என்பதே ஃபார்மால்டிஹைடின் நீர்க்கரைசல் என்பதால், அதை 10% ஆக நீர்த்தபின் இருப்பது ஏறக்குறைய 4% ஃபார்மால்டிஹைடு. அது புரதங்களுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்கித் திசுவின் அமைப்பைக் காக்கிறது. துண்டின் தடிமன் 3 முதல் 5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கரைசலின் கனஅளவு, திசுவைப் போல் குறைந்தது 10 மடங்கு தேவை. கரைசல் மெதுவாகவே ஊடுருவும் என்பதால், தடித்த துண்டை அப்படியே போட்டால் வெளிப்புறம் சாம்பல் நிறமாகி இறுகியிருக்க, நடுப்பகுதி இளஞ்சிவப்பாகவே சிதைந்துகொண்டிருக்கும். குறுக்கே வெட்டினால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். அறை வெப்பநிலையில் 24 மணி நேரம் பெரும்பாலும் போதுமானது. அமிலத்தன்மை ஏறிய பழைய ஃபார்மலினைத் தவிர்த்துவிடுங்கள். இரத்தம் மிகுந்த திசுவில் அது கரும்பழுப்பு நிறமியைப் படியவைத்து, பார்ப்பவரைக் குழப்பிவிடும்.

வளர்ப்புச் செல்களுக்கு 4% பாராஃபார்மால்டிஹைடில் 10 முதல் 15 நிமிடம் போதும். பின்னர் பாஸ்பேட் தாங்கல் உப்புக் கரைசலால் கழுவி, எதிர்ப்பொருள் (குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பற்றும் மூலக்கூறு) உள்ளே செல்ல வேண்டுமானால் ட்ரைட்டான் என்ற சலவைப்பொருள் கொண்டு சவ்வில் துளையிட வேண்டும். குளிர்ந்த மெத்தனால் நிலைநிறுத்தல், துளையிடல் இரண்டையும் ஒருசேரச் செய்தாலும், சவ்வின் கொழுப்பைக் கரைத்துவிடுவதால் சவ்வுப் புரத ஆய்வுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குக் குளுட்டரால்டிஹைடே சிறந்தது.

ஃபார்மால்டிஹைடு புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. ஆகவே எல்லாப் பணிகளையும் கையுறையுடன் புகைபோக்கிப் பெட்டிக்குள்ளேயே செய்து, கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் தனிக் கலனில் சேகரிக்க வேண்டும்.