ஒரு வார்த்தை ஜப்பானிய மொழி தெரியாமல் டோக்கியோவைத் தனியாகச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

டோக்கியோவில் முதன்முதலாக இறங்குகிறவருக்குக் கிடைக்கிற அடி, பேச்சு புரியாமல் போவதால் வருவதல்ல. எழுத்தே புரியாமல் போவதால் வருவது. எத்தனை பட்டம் வாங்கியிருந்தாலும் விமான நிலையத்துக்கு வெளியே வந்த ஐந்தாவது நிமிடம் எழுதப் படிக்கத் தெரியாதவராகிவிடுவோம். எனக்கு அந்த உணர்வு நீங்க ஒன்றரை நாள் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நேரம் வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அந்த ஒன்றரை நாளில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: இந்த ஊரை எண், நிறம், வடிவம் ஆகிய மூன்றையும் வைத்தே வாசித்துவிடலாம். மொழி தெரியாதவர்கள் கூட்டமாக வரப்போகிறார்கள் என்ற கவலை டோக்கியோவுக்கும் ஒரு காலத்தில் இருந்தது. 1964 ஒலிம்பிக் போட்டியின்போது, சொற்களுக்குப் பதிலாக எல்லோருக்கும் புரிகிற சித்திரக் குறியீடுகளை முறையான ஒரு தொகுப்பாகவே வடிவமைத்தார்கள். அந்தப் பழக்கம் நகரத்தோடு தங்கிவிட்டது.

படி 1: கிளம்பும் முன் கைபேசியில் செய்ய வேண்டியவை

மொழிபெயர்ப்புச் செயலியில் ஜப்பானிய மொழியை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். இணையம் இல்லாத இடத்திலும் அது வேலை செய்ய வேண்டும். கேமராவைப் பலகைக்கு நேராகப் பிடித்தால் மொழிபெயர்த்துக் காட்டும் வசதியை வீட்டிலேயே இரண்டு முறை பழகிக்கொள்ளுங்கள்.

அடுத்தது தங்கும் விடுதியின் முகவரி. அதை ஜப்பானிய எழுத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆங்கிலத்தில் எழுதிய முகவரியை வைத்துக்கொண்டு டாக்சி ஓட்டுநரும் திணறுவார். அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. பகுதி எண், மனைத்தொகுதி எண், கட்டட எண் என்று எண்களாகவே முகவரி போகும். விடுதியின் தொலைபேசி எண்ணும் அதே படத்தில் இருக்கட்டும். டாக்சியின் பின்கதவை ஓட்டுநரே இருந்த இடத்திலிருந்து திறப்பார், மூடுவார். நீங்கள் கைவைக்க வேண்டாம்.

பாஸ்போர்ட்டை விடுதியில் பூட்டி வைக்காதீர்கள். குறுகிய காலப் பயணியாக வந்தவர் அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

படி 2: பயண அட்டையும் சில்லறையும்

சூயிகா, பாஸ்மோ என்று இரண்டு அட்டைகள் உண்டு. எது கிடைத்தாலும் ஒன்றுதான். சுற்றுலாப் பயணிகளுக்கென்றே 28 நாட்கள் செல்லும் 'வெல்கம் சூயிகா' இருக்கிறது. நரிட்டா, ஹனேதா இரண்டு விமான நிலையங்களிலும் வாங்கலாம். அதில் மிஞ்சும் பணம் திரும்பக் கிடைக்காது, ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் ஏற்றுங்கள். தானியங்கியின் திரையில் ஆங்கிலத்துக்கு மாற்றும் பொத்தான் இருக்கும். பணம் ஏற்றப் பெரும்பாலும் ரொக்கம்தான் கேட்கும்.

இந்த அட்டை இருந்தால் கட்டணம் எவ்வளவு என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. நிலையத்துக்குள் நுழையும்போது வாயில் இயந்திரத்தில் அட்டையால் ஒரு தட்டு, வெளியேறும்போது ஒரு தட்டு. மீதி போதவில்லை என்றால் கதவு மூடிக்கொள்ளும். பதற வேண்டாம், உள்ளேயே ஒரு இயந்திரம் இருக்கும், அதில் பணம் போட்டுவிட்டு வரலாம்.

நாணயங்களில் ஒரு வேடிக்கை: 5 யென் நாணயத்தில் '5' என்ற எண் இருக்காது. ஜப்பானிய எழுத்தில்தான் இருக்கும். மஞ்சள் நிறம், நடுவில் ஓட்டை. அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளுங்கள். 50 யென்னிலும் ஓட்டை உண்டு, ஆனால் அது வெள்ளி நிறம், எண்ணும் இருக்கும்.

படி 3: நிலையத்தின் பெயரை மறந்துவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் 13 சுரங்க ரயில் தடங்கள் இருக்கின்றன. அவற்றின் ஒவ்வொரு நிலையத்துக்கும் 2004 முதல் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் உண்டு. கின்ஸா தடத்துக்கு 'ஜி', நிறம் ஆரஞ்சு. ஷிபுயா ஜி-01, அசகுசா ஜி-19. நீங்கள் ஜி-16இல் இருக்கிறீர்கள், போக வேண்டியது ஜி-09 என்றால் எண் குறைந்துகொண்டே போகும் திசையில் ஏற வேண்டும். எண் ஏறினால் தவறான வண்டி. அடுத்த நிலையத்தில் இறங்கி எதிர்ப்பக்க வண்டியைப் பிடியுங்கள். அவ்வளவுதான்.

தரைக்கு மேல் ஓடுவதில் உங்கள் உற்ற நண்பன் யாமனோதே தடம். இளம்பச்சைப் பட்டை. நகரத்தைச் சுற்றி வட்டமாக ஓடுகிறது: 34.5 கிலோமீட்டர், 30 நிலையங்கள், ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். இதன் எண்கள் 'ஜேஒய்' என்று தொடங்கும். வட்டமாக ஓடும் தடத்தின் பெரிய வசதி, எதிர்த் திசையில் ஏறினாலும் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள் என்பதுதான். உட்கார இடம் கிடைத்துவிட்டால் அப்படியே போவதும் நன்றாகத்தான் இருக்கும்.

படி 4: வெளியே வரும் வாயில்

ரயிலைப் பிடிப்பது எளிது. நிலையத்தை விட்டு வெளியே வருவதுதான் கடினம். உலகிலேயே மிக அதிகப் பயணிகள் வந்துபோகும் நிலையம் என்று கின்னஸில் இடம்பெற்ற ஷின்ஜுகு நிலையத்துக்கு 200க்கும் மேற்பட்ட வாயில்கள் உண்டு. முதல் முறை நான் அங்கே "எந்த வாயிலானால் என்ன, மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்பினேன். மேலே வந்தபோது நான் தேடிய கட்டடம் நிலையத்தின் மறுபக்கத்தில் இருந்தது. மறுபக்கம் போய்ச் சேர முக்கால் மணி நேரம் பிடித்தது.

ஆகவே, ரயிலில் ஏறும் முன்பே வாயில் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வரைபடச் செயலியில் வழி கேட்டால் பெரும்பாலும் அதையும் சொல்லும். ரயிலிலிருந்து இறங்கியதும் மஞ்சள் பலகையைத் தேடுங்கள். வெளியேறும் வழியைக் காட்டுவது அது. பச்சைப் பலகையில் ஓடும் மனிதனைப் பின்தொடராதீர்கள், அது அவசர வழி.

இரண்டு சொற்களை மட்டும் படமாக மனத்தில் பதித்துக்கொண்டால் போதும். 'வெளியேறும் வாயில்' என்பது, ஒரு மலைமேல் இன்னொரு மலையை ஏற்றி வைத்தது போன்ற எழுத்தும், பக்கத்தில் ஒரு வெறும் சதுரமும். 'நுழைவாயில்' என்பது, காலை அகட்டி நிற்கும் ஆள் போன்ற எழுத்தும், பக்கத்தில் அதே சதுரமும். அந்தச் சதுரத்துக்குப் பொருள் 'வாய்'. நாமும் வீட்டுக்குள் போகும் இடத்தை வாயில் என்றுதான் சொல்கிறோம், மறக்காது.

கழிவறைகளில் பெரும்பாலும் படம் இருக்கும். படம் இல்லாத பழைய உணவகங்களில், மேலே நான்காகப் பாத்தி கட்டிய வயல் போன்ற சதுரம் இருந்தால் ஆண்களுக்கு. மற்றது பெண்களுக்கு.

மாடிகளை எண்ணும்போது கவனம்: அங்கே தரைத்தளமே முதல் தளம்.

படி 5: முதல் நாளுக்கு ஒரு வழித்தடம்

காலையில் அசகுசா (ஜி-19). டோக்கியோவின் மிகப் பழைய பௌத்தக் கோவிலான சென்சோ-ஜி இங்கே இருக்கிறது. பெரிய சிவப்பு விளக்கு தொங்கும் வாசலே அடையாளம், அனுமதி இலவசம். அந்த வாசலுக்கு எதிரே சாலையைக் கடந்தால் சுற்றுலாத் தகவல் மையம். அதன் எட்டாவது தளத்தில் காசில்லாமல் ஊரைப் பார்க்க ஒரு மாடம் உண்டு. முதலில் அங்கே ஏறிப் பார்த்துவிட்டுக் கீழே வந்து நடப்பது என் வழக்கம். போகப்போகும் வழி கண்ணில் இருக்கும்.

பிறகு ஆரஞ்சு வண்டியில் மூன்றாவது நிலையம், ஜி-16, உயேனோ. 1927இல் ஆசியாவின் முதல் சுரங்க ரயில் ஓடியது சரியாக இந்தத் துண்டில்தான். உயேனோ பூங்காவுக்குள் டோக்கியோ தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. வழக்கமாகத் திங்கட்கிழமை விடுமுறை என்பதால் நாளைப் பார்த்துப் போங்கள்.

அங்கிருந்து யாமனோதே. உயேனோ ஜேஒய்-05, ஹராஜுகு ஜேஒய்-19. எண் ஏறும் திசையில் போனால் 14 நிலையங்கள், எதிர்த் திசையில் 16. எப்படிப் போனால் என்ன! ஹராஜுகுவில் இறங்கினால் மெய்ஜி ஜிங்கு. 1920இல் எழுப்பிய ஆலயம். சுற்றியுள்ள காடு இயற்கையானதல்ல, நாடெங்கும் மக்கள் கொடையாகத் தந்த சுமார் ஒரு லட்சம் மரங்களை நட்டு வளர்த்தது. சூரியன் மறையும் நேரத்தில் கதவை மூடிவிடுவார்கள். அதற்கு முன் போய்விடுங்கள்.

இருட்டியதும் அடுத்த நிலையமான ஷிபுயா. இங்கே ஹச்சிகோ என்ற பெயருள்ள வாயிலைத் தேடுங்கள். இறந்துபோன எஜமானருக்காக நிலையத்தில் காத்துக் கிடந்த நாயின் பெயர் அது. சிலையும் அங்கே இருக்கிறது. எல்லாப் பக்கத்திலிருந்தும் மனிதர்கள் ஒரே நேரத்தில் கடக்கும் அந்தப் புகழ்பெற்ற நாற்சந்தி அதற்கு எதிரில். நள்ளிரவைத் தாண்டிச் சிறிது நேரத்தில் ரயில்கள் நின்றுவிடும், விடியும்வரை கிடையாது. கடைசி வண்டி நேரத்தைப் பகலிலேயே பார்த்து வையுங்கள்.

படி 6: சாப்பாடு

பல உணவகங்களின் கண்ணாடிக்குப் பின்னால் பிளாஸ்டிக்கில் செய்த உணவு மாதிரிகள் அசல் போலவே இருக்கும். பணியாளரை வெளியே அழைத்து வந்து சுட்டிக்காட்டினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். வாசலில் சீட்டு இயந்திரம் இருந்தால் முதலில் பணத்தைப் போட்டு, பிறகு பொத்தானை அழுத்தி, வரும் சீட்டை உள்ளே கொடுங்கள். டிப்ஸ் தரும் வழக்கம் இல்லை.

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காய்கறி மட்டுமே கண்ணில் படும் சூப்பிலும் 'தாஷி' என்ற மீன் சாறு கலந்திருப்பது மிகச் சாதாரணம். "இறைச்சி, மீன், மீன் சாறு எதுவும் கூடாது" என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டைக் காட்டுவதே நல்லது. வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது.

பசி அவசரம் என்றால் சிறு கடைகளில் ஒனிகிரி என்ற சோற்று உருண்டை கிடைக்கும். உறையைப் பிரிக்கும் வரிசை அதன்மேலேயே 1, 2, 3 என்று அச்சிடப்பட்டிருக்கும்.

படி 7: நான்கு சொற்கள், அதற்கு மேல் வேண்டாம்

சுமிமசென் (மன்னிக்கவும், கொஞ்சம் கேளுங்கள்). அரிகதோ கொசைமசு (நன்றி). கொரே (இது). தொகோ (எங்கே). ஷிபுயா எங்கே என்று கேட்க, "ஷிபுயா வா தொகோ தெசு கா?" வினாவைக் காட்டும் 'கா' கடைசியில் வரும், நம் 'ஆ'வைப் போல. கொரே, சொரே, அரே, தொரே என்ற நான்கும் நம் இது, உது, அது, எது என்ற வரிசையிலேயே நிற்கின்றன. 'உது' எங்கே போயிற்று என்று கேட்பவர்கள் யாழ்ப்பாணத்து நண்பர்களைக் கேளுங்கள்.

குறில் நெடில் மட்டும் நழுவக் கூடாது. 'ஒபசன்' என்றால் அத்தை, 'ஒபாசன்' என்றால் பாட்டி.

படி 8: வழி தவறினால்

காவல் துறைக்கு 110, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 119. அந்த அளவுக்குப் போகாத சிக்கல்களுக்குக் 'கோபன்' என்ற குட்டிக் காவல் சாவடி இருக்கிறது. பரபரப்பான நிலையங்களின் அருகே பெரும்பாலும் ஒன்று இருக்கும். தொலைந்த பொருளைக் கேட்கவும் வழி கேட்கவும் மக்கள் இயல்பாக நுழையும் இடம் அது. காவல் நிலையம் என்று தயங்க வேண்டாம்.

ஷின்ஜுகுவில் அந்த முக்கால் மணி நேரத்தின் முடிவில் நானும் அப்படி ஒன்றுக்குள்தான் நுழைந்தேன். கைபேசியில் இருந்த கட்டடத்தின் படத்தைக் காட்டினேன். காவலர் ஒரு சொல்லும் பேசவில்லை. ஒரு தாளை எடுத்து இரண்டு கோடுகள் போட்டார், நான் நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தார், கோட்டின் மறுமுனையில் வாயில் எண்ணை எழுதி வட்டமிட்டு நீட்டினார்.