புது கேட்ஜெட்டா? மூன்று மாதம் பொறுங்கள்

புதிதாக வந்த போன், ஹெட்போன், வாட்ச் எதுவானாலும் வெளியான வாரத்தில் வாங்காமல் மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். அறிமுக விலை பெரும்பாலும் அவசரக்காரர்களுக்கான விலை. அவர்கள் வாங்கி முடித்ததும், அடுத்த வரிசைக்காரர்களை இழுக்க விலையை இறக்குவார்கள். 2007 ஜூன் 29 அன்று 599 டாலருக்கு வந்த 8 ஜிபி ஐபோன், செப்டம்பர் 5 அன்றே 399 ஆனது. நின்டெண்டோ 3டிஎஸ் என்ற கையடக்க கேம் கருவி அமெரிக்காவில் 2011 மார்ச்சில் 249.99 டாலர், ஆகஸ்டில் 169.99. காத்திருக்கும் நேரத்தில் முதல் அப்டேட்கள் வந்து தொடக்கக் கோளாறுகளும் ஓரளவு சரியாகியிருக்கும்.

முன்பதிவு செய்தால் தரும் இலவசப் பொருளின் மதிப்பை அறிமுக விலையிலிருந்து கழித்துப் பார்க்கும்போது, அந்தப் பொருளைக் காசு கொடுத்தும் வாங்கியிருப்பீர்கள் என்றால் மட்டும் அதைக் கணக்கில் சேருங்கள். வேண்டாத இயர்பட்ஸ் தள்ளுபடி ஆகாது.

எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. இப்போதைய ஐபோன்களுக்கு ஆப்பிள் அடுத்த மாடல் வரும்வரை பொதுவாக விலையைத் தொடுவதில்லை. கேம் கன்சோல் விலை ஏறவும் செய்யும்; பிளேஸ்டேஷன் 5 விலையை ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் உயர்த்துவதாக 2022 ஆகஸ்டில் சோனி அறிவித்தது. ரொம்ப நாள் இழுக்கவும் வேண்டாம்: போனுக்கு அப்டேட் தரும் ஆண்டுகளைப் பல நிறுவனங்கள் போன் வெளியான தேதியிலிருந்துதான் எண்ணுகின்றன, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல.