டோனி ஜாக்சனைப் பற்றி எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஜாஸுக்கு முந்தைய அமெரிக்க இசை வகையான ராக்டைமின் பழைய பியானோ கலைஞர்களைப் பற்றிப் புதிதாக எழுத வருகிறவர்கள் விழும் பள்ளம் எப்போதும் ஒன்றுதான். நியூ ஆர்லியன்ஸின் டோனி ஜாக்சன் 1921இல் சிகாகோவில் இறந்தார். அவருடைய வாசிப்பைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் கேட்டவர்கள் சொன்னதுதான். அதை அப்படியே நம்பிவிடுவதுதான் அந்தப் பள்ளம். பெயர்ப் பிழை, ஊர்க் குழப்பம் எல்லாம் தானாகத் திருந்தும், விடுங்கள்.

சொன்ன வயதை நம்பி ஆண்டைக் கணக்கிடுவது

சேதம் அதிகம் இதில்தான். 1938இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான காங்கிரஸ் நூலகத்துக்காகப் பேசிய நியூ ஆர்லியன்ஸ் பியானோ கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டன், ஜாக்சனை வானளாவப் புகழ்ந்தார். தான் பிறந்தது 1885 என்றும், 1902இல் ஜாஸை உண்டாக்கியது தானே என்றும் சொல்லிவந்தவர் அவர். ஞானஸ்நானப் பதிவு 1890 என்கிறது. அப்படியானால் 1902இல் அவருக்கு வயது பன்னிரண்டைத் தாண்டியிருக்காது!

ராக்டைம் பியானோ கலைஞர் யூபி பிளேக் கதையும் இதேதான். 1883இல் பிறந்ததாகச் சொன்னார். 1983இல் நூறாவது பிறந்தநாளும் கொண்டாடினார்கள். அரசு ஆவணங்களில் 1887. 'சார்ல்ஸ்டன் ராக்' என்ற தன் மெட்டை 1899இல் போட்டதாகச் சொல்வார். பதினாறு வயதுக்காரர் பன்னிரண்டு வயதுப் பையனாகிவிடுகிறார். எல்லாம் புளுகு என்று சொல்லவில்லை. 'முதலில் வாசித்தது யார்' என்ற போட்டியில் மூத்தவருக்கு மவுசு அதிகம், அவ்வளவுதான்.

ஆகவே முதலில் சாட்சி சொல்பவரின் பிறந்த ஆண்டைப் பிடியுங்கள். ஞானஸ்நானப் பதிவு, 1917–18 ராணுவப் பதிவு அட்டை, 1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1900இல் பிறந்த மாதமும் ஆண்டும் கேட்டார்கள். 1910இல் வயது மட்டும். 1890 கணக்கெடுப்பைத் தேடி அலையாதீர்கள், 1921 தீவிபத்தோடு பெரும்பாலும் போயிற்று. அடுத்து, நியூ ஆர்லியன்ஸில் விபசாரத்துக்கென ஒதுக்கப்பட்டு, பியானோ கலைஞர்கள் வாசித்துவந்த ஸ்டோரிவில் பகுதி 1898 முதல் 1917 நவம்பர் வரைதான் நடந்தது. அங்கே கேட்டதாகச் சொல்லும் எதுவும் அதற்குள் அடங்க வேண்டும். 'எனக்கு அப்போது பதினைந்து' என்ற பேச்சைக் கடைசியில் பாருங்கள்.

ஒரு கதையை மூன்று சாட்சியாக எண்ணுவது

நியூ ஆர்லியன்ஸின் தொடக்ககால ஜாஸ் கார்னெட் (சிறு எக்காளம்) கலைஞர் பட்டி போல்டன் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார், பத்திரிகை நடத்தினார் என்று 1939இல் அச்சேறியது. பிறகு ஊரெல்லாம் அதையே சொன்னது. 1978இல் ஆய்வாளர் டொனால்ட் மார்க்விஸ் ஆவணங்களைத் தோண்டிப் பார்த்து இரண்டையும் தள்ளிவிட்டார். ஒவ்வொரு பேட்டியின் பக்கத்திலும் அது எடுக்கப்பட்ட ஆண்டைக் குறியுங்கள். அச்சுக்கு முந்தியதா பிந்தியதா என்று தெரிந்துவிடும்.

மார்ட்டனின் விரலை ஜாக்சனின் விரலாக்குவது

ஜாக்சன் பாணி என்று மார்ட்டனின் 'நேக்கட் டான்ஸ்' இசைத்தட்டைக் காட்டுவார்கள். மார்ட்டன் அதை வாசித்தது 1939இல், ஜாக்சன் இறந்து 18 ஆண்டுகள் கழித்து.

ஜாக்சனின் இசைத்தட்டைத் தேடுவது

கிடையாது. அவர் பதியவே இல்லை.